ஏழுமலை மேஸ்திரியின் பதினான்கு ஒயர்கள்

அசோக் நகரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பழைய சகா ஒருவர் போன வாரம் மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு வந்தார். அவரிடம் ஐம்பது வருஷத்துப் பழைய கார் ஒன்று வந்திருக்கிறதாம். பாடியைத் தனியே இறக்கி, பெயிண்டைச் சுரண்டி, ஆதியில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித் தரவேண்டும் என்று சொந்தக்காரர் கேட்கிறாராம்.

"அண்ணே, எலக்ட்ரிக் சாமான் கழட்டறதுக்கு உங்க முறைய ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. 'சவரிமுத்து முறை'ன்னு தலைப்புப் போட்டு செவுத்துல ஒட்டிடறேன். என் ஆளுங்க எல்லாம் அவுத்துப் போட்டுட்டு அப்புறம் முழிக்கிறானுங்க" என்றார்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் தலைப்பில் எனக்கு ஒரு தகராறு உண்டு. அதைத் தீர்க்காமல் முறையை மட்டும் சொன்னால் அது யோக்கியமாக இருக்காது.

நான் சாந்தோம்காரன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். என்னையும் வாத்தியாராக்கப் பார்த்தார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டை போகிற வழியில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் பாட்டரி சார்ஜ் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் ஆசிட். என்னிடம் ஓட்டை விழாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் டைனமோ, ஸ்டார்ட்டர். யுத்தம் முடிந்த மறு வருஷம் எனக்கு இருபத்தாறு வயது. நான் அந்த ஒர்க்‌ஷாப்பின் இரண்டாவது எலக்ட்ரீஷியன். முதலாவது, ஏழுமலை மேஸ்திரி.

மேஸ்திரிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கறுத்து மெலிந்த மனிதர். சத்தமே போடமாட்டார். ஒரு வண்டி வந்தால் எல்லோரும் பானெட்டைத் திறந்து கையை விடுவார்கள். அவர் ஒரு முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். இரண்டு கையும் காக்கி நிக்கர் பாக்கெட்டுக்குள் இருக்கும். அரை மணி நேரம் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னா மேஸ்திரி, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று ஒருதரம் கேட்டேவிட்டேன். "பொண்ணுன்னா சீக்கிரம் பாத்துடலாம் சவரி. ஒயரு இன்னா பண்ணப்போவுதுன்னு சொல்ல முடியாதே" என்றார். சிரிக்கவில்லை.

எழுந்த பிறகு அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மோதிரம், அரைஞாண், கழுத்துச் சங்கிலி எல்லாம் ஆணியில் தொங்கவேண்டும். என் மாதா மெடலும் அந்த ஆணியில்தான் தொங்கும். "மாதா அங்கருந்தே பாத்துப்பாங்க, வா" என்பார். அடுத்தது பாட்டரி. எர்த்து கேபிளைத்தான் முதலில் கழற்றவேண்டும், திரும்பப் பூட்டும்போது அதைத்தான் கடைசியில் பூட்டவேண்டும். இதில் பலபேர் தப்புச் செய்வார்கள். மைனஸ்தான் எர்த்து என்று கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்கள். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் ப்ளஸ் எர்த்தாக இருப்பது சகஜம். அவர் ப்ளஸ்ஸையும் பார்க்கமாட்டார், மைனஸையும் பார்க்கமாட்டார். எந்தக் கேபிள் சேஸிஸில் போய் போல்ட்டாகிறதோ அதை விரலால் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடிப்பார். அதை எடுத்துவிட்டால் பிறகு ஸ்பானர் எங்கே பட்டாலும் பொறி பறக்காது. கழற்றிய முனை துள்ளித் திரும்பவும் பாட்டரியைத் தொட்டுவிடாமல் ஒரு துண்டு சைக்கிள் ட்யூபை அதற்கு மாட்டிவிடுவார்.

அப்புறம் அட்டை. சிகரெட் பெட்டி அட்டையை நறுக்கி, காப்பியிங் பென்சிலால் எண் எழுதி, ஒவ்வொரு ஒயரிலும் நூலால் கட்டுவார். கட்டிய பிறகுதான் ஸ்க்ரூவைத் தொடுவார். ஒரே நேரத்தில் இரண்டு ஒயரை அவிழ்க்கமாட்டார். எண் ஏழு எந்த ஸ்க்ரூவிலிருந்து வந்தது என்று நோட்டில் படம் போட்டுக்கொள்வார். சிவப்பு, பச்சை என்று ஒரு எழுத்து அந்த நோட்டில் இருக்காது. வெறும் எண்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் எர்த்து கேபிளை நேராகப் பாட்டரியில் வைக்கமாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைப் பிடிப்பார். ஸ்விட்ச் எல்லாம் ஆஃப். பல்பு எரியாவிட்டால் சரி. பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. பல்பு காட்டிக்கொடுத்துவிடும், வண்டி பிழைத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் ஆகிற நேரத்தைக் கணக்குப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒயரில்தான் கலர் இருக்கிறதே, கறுப்பு எர்த்து, மற்றதுக்கு மற்ற கலர், பார்த்துப் பூட்டவேண்டியதுதானே என்பது என் கட்சி. இந்த மனிதர் போனால் அந்த முக்காலியில் நான் உட்காருவேன் என்றும் நினைத்தேன். இன்றைக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷம் மயிலாப்பூர் வக்கீல் ஒருவரின் வண்டி வந்தது. அவருடைய தகப்பனார் வாங்கிய திறந்த கார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலி செய்தபோது ஷெட்டில் மரக்கட்டை மேல் நிறுத்திவிட்டுப் போனது. நாலு வருஷம் கடல் காற்று தின்றிருந்தது. "அப்பா ஓட்டினப்போ எப்படி இருந்ததோ, அப்படியே வேணும் ஓய்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். மர டாஷ்போர்டைக் கழற்றிப் பாலிஷுக்கு அனுப்பினோம். அதன் பின்னாலிருந்து பதினான்கு ஒயர்கள் அட்டையோடு தொங்கின. மறுமுனைகள் எஞ்சின் பக்கம் பூட்டியபடியே இருந்தன.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மேஸ்திரி டைனமோவை எடுத்துக்கொண்டு காயில் சுற்றுகிறவரிடம் போயிருந்தார். ஒர்க்‌ஷாப் முழுக்கக் கழுவுகிற நாள் அது. நான் மாதா கோயில்காரன் என்றாலும் ஆயுத பூஜையில் எனக்குத்தான் ஆர்ப்பாட்டம் அதிகம். வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தேன். பூஜைக்கு வண்டி சுத்தமாக இருக்கட்டும் என்று வக்கீல் வண்டிக்குள்ளும் நாலு வாளி ஊற்றினேன். மேல் கூரை இல்லாத வண்டி.

காப்பியிங் பென்சில் ஈரம் பட்டால் மையாகக் கரைந்துவிடும் என்று தபாலாபீஸில் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியும். பதினான்கு அட்டையும் கத்தரிக்காய்க் கலராகிவிட்டது. பாதி அட்டை கூழாகி நூல்தான் மிச்சம். மேஸ்திரி திரும்பி வந்தார். பார்த்தார். முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரு நைனா, தண்ணி அடிச்சது?"

"நான்தான்."

"ம்" என்றார். மறுநாள் எல்லா ஸ்பானருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைத்துவிட்டதால் யாரும் எதையும் தொடக்கூடாது. விஜயதசமியன்று காலையில் நான் முந்திக்கொண்டேன். பெட்ரோலில் துணியை நனைத்து ஒயர்களைத் துடைத்தேன். துணிச் சுற்று ஒயர்கள். மங்கலாகவாவது கலர் தெரிந்தது.

"கவலய விடுங்க மேஸ்திரி. கலர் கீது. இதப் பாருங்க, இது பச்ச, இது செவப்பு."

அவர் வாங்கிப் பார்த்தார். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்தார். "பல்பு வச்சி ஒண்ணொண்ணா பாத்துடலாம். ரெண்டு நாளு ஆவும்" என்றார். திருப்பிக் கொடுக்கும்போது பச்சையைக் காட்டி, "இந்தச் செவப்ப அந்தாண்ட வையி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. மாம்பழக்காரியிடம் பழத்தைக் கண்ணால் பார்க்காமல் அமுக்கி அமுக்கிப் பார்த்து வாங்குவாரே, அது ஏன் என்று அப்போது புரிந்தது. நோட்டில் ஏன் வெறும் எண்கள் என்பதும் புரிந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதிவிடலாம். இல்லை. சந்தோஷமாக இருந்தது. அன்று மத்தியானம் முதலாளி, "தீபாவளிக்கு முந்தி வண்டி போகணும், உங்க மேஸ்திரி இன்னும் ரெண்டு நாள்ங்கறாரே?" என்று அலுத்துக்கொண்டார். நான் டீயைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன், மேஸ்திரிக்குக் கலர் தெரியாது என்று. முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். கலர் தெரியாத ஆளையா இத்தனை நாள் எலக்ட்ரிக் வேலைக்கு வைத்திருந்தேன் என்று கேட்டார். இந்த வண்டியோடு அவர் கணக்கைத் தீர்க்கப் போவதாகவும், ஒயரிங்கை நானே முடிக்கவேண்டும் என்றும் சொன்னார்.

மேஸ்திரிக்கு வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவர் நோட்டை என்னிடம் கொடுத்தார். "பல்பு வச்சிப் பாத்துக்க சவரி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பெஞ்சுக்குப் போய் ஹாரனைப் பிரிக்க ஆரம்பித்தார்.

பாலிஷ் முடிந்து டாஷ்போர்டு வந்ததும், நான் கலரைப் பார்த்து ஒரே காலையில் பதினான்கையும் பூட்டினேன். கறுப்பு ஒன்று இருந்தது. கறுப்பென்றால் எர்த்து. மரப் பலகையில் மீட்டர்களுக்கு எர்த்து தனியாகத்தான் கொண்டுவரவேண்டும். அதை அந்த இடத்தில் இறுக்கினேன். பழுத்துப் போன சிவப்பு ஒன்றை அம்மீட்டரில் போட்டேன். இத்தனை சுலபமான வேலைக்கா அந்த மனிதர் இரண்டு நாள் கேட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகு காலம். ஒன்றேகாலுக்கு வக்கீல் ஜட்கா பிடித்து வந்து இறங்கினார்.

"ராகு காலத்துக்கு முன்னாடி ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணிடணும்னு ஆத்துல சொல்லிண்டே இருக்கா. நாழியாறது ஓய்!"

முதலாளி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இனிமேல் ஆணியிலிருந்து பல்பை எடுத்து, ஒயர் சுற்றி, நடுவில் பிடித்து... யார் செய்வது? எர்த்து கேபிளை அப்படியே பாட்டரியின் தலையில் வைத்து அமுக்கினேன். இறுக்கக்கூட இல்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

டாஷ்போர்டுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்றது. ஸ்பீடாமீட்டர் கேபிள் மேலிருந்து கீழ்வரைக்கும் சூடாகிப் புகை விட்டது. புதுப் பாலிஷ் கொப்பளித்தது. வக்கீல் "அப்பாவோட வண்டிடா!" என்று கத்தினார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதை நிறுத்துவது என்று எனக்கு ஓடவில்லை.

மேஸ்திரி ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். ஆனால் நேராகப் பாட்டரிக்கு வந்தார். எர்த்து கேபிளை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். பொறி பறந்தது. புகை நின்றது. அவர் உள்ளங்கையில் கிளாம்ப்பின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"இன்னார் பண்ணின வேலை இதுன்னு சொல்லும். யார்?" என்றார் வக்கீல்.

முதலாளி என்னைப் பார்த்தார். என்னை அந்த வேலையில் போட்டவர் அவர். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். "எலக்ட்ரிக் எல்லாம் மேஸ்திரி பொறுப்பு சார். கண்ணுல கோளாறு, கலர் தெரியாது. எனக்கே இப்பத்தான் தெரியவந்துது" என்றார்.

வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டவன் மாதிரி நான் நின்றேன். மேஸ்திரி என் பக்கம் ஒருதரம் திரும்பினார். நான் சொல்வேனா என்று பார்த்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் ஆணியில் தொங்கிய என் மெடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா சார்" என்றார் அவர் வக்கீலிடம். "எனுக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணுதான். ரெண்டு நாளு குடுங்க. உங்க நைனா வண்டிய ஓடற மாதிரி குடுத்துடறேன்."

கையில் தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு அந்த இரண்டு நாளும் அவர் வேலை செய்தார். மறுமுனையைப் பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டார். சின்ன பாட்டரி, ஒரு பல்பு. இந்தப் பக்கம் ஒரு முனையை அவர் தொடுவார். எஞ்சின் பக்கம் நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வருவேன். பல்பு எரிந்தால் அதுவும் இதுவும் ஒரே ஒயர். உடனே அட்டை. இந்தத் தடவை எண்ணை ஆணியால் கீறி எழுதினார்.

கறுப்பு வந்தது.

"இதுக்கு இன்னா பேரு வச்ச?"

"எர்த்து."

"தொடு."

சேஸிஸ் போல்ட்டைத் தொட்டேன். எரியவில்லை. வரிசையாகத் தொட்டேன். ஸ்டார்ட்டர் ஸ்விட்சில் பாட்டரியிலிருந்து நேராக லைன் வருகிற போல்ட்டைத் தொட்டதும் பல்பு எரிந்தது. அந்தக் கறுப்பு, மொத்த வண்டிக்கும் உயிர் கொடுக்கிற மெயின் ஒயர். நான் அம்மீட்டரில் போட்ட பழைய சிவப்புதான் எர்த்து. எர்த்து என்று நான் இறுக்கிய கறுப்பிலிருந்து மொத்த கரண்டும் மீட்டர் வழியாக, சேஸிஸில் போய் முடிகிற ஸ்பீடாமீட்டர் கேபிளில் பாய்ந்திருக்கிறது.

மேஸ்திரி எஞ்சின் தடுப்புக்குப் பின்னால் கையை விட்டு டேப்பைச் சுரண்டினார். உள்ளே ஒரு முறுக்கு. வண்டி ஷெட்டுக்குப் போகும் முன்னே, யுத்தம் தொடங்கி ஒயர் கிடைக்காத காலத்தில் எவனோ கையில் கிடைத்த ஒயர்களை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறான். கலர் பார்க்க அவனுக்கு வசதி இல்லை. எர்த்துக்குச் சிவப்பு, மெயினுக்குக் கறுப்பு.

"கலரு எனுக்கும் தெர்ல, அவனுக்கும் தேவப்படல" என்றார் மேஸ்திரி. "உனுக்கு மட்டும் நல்லா தெரிஞ்சிது. அதான் ஏமாந்துட்ட."

அப்போதாவது நான் "மன்னிச்சுக்குங்க மேஸ்திரி" என்று சொல்லியிருக்கவேண்டும். "அடுத்தது எதுங்க?" என்று கேட்டேன்.

வண்டி இரண்டாம் நாள் சாயங்காலம் ஓடியது. வக்கீல் கோயில் குளத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்து வந்தார். விளக்கு, ஹாரன், வைப்பர், எல்லாம் வேலை செய்தன. மறுநாள் காலையில் முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டு இனிமேல் வரவேண்டாம் என்றார். அவர் ஸ்பானர்களைத் துடைத்துக் கான்வாஸ் பையில் போட்டுக்கொண்டு போனார். முக்காலி ஒர்க்‌ஷாப்புக்குச் சொந்தம். அதில் நான் உட்கார்ந்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தேன். அடுத்து வந்த முதல் வண்டிக்கே அட்டை நறுக்கிவிட்டேன். எனக்கு நன்றாகக் கலர் தெரியும். ஆனால் ஒரு வண்டியிலும் கலரைப் பார்த்துப் பூட்டியதில்லை. எண், நோட்டு, பல்பு. எர்த்து முதலில், எர்த்து கடைசியில். என் கையில் ஒரு வண்டியும் புகையவில்லை. "சவரிமுத்து வேலைன்னா கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்று மவுண்ட் ரோடு வரைக்கும் பேர். அந்தப் பேரைக் கேட்கிற போதெல்லாம் உள்ளே குத்தும். ஆனாலும் வேண்டாம் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒருதரம் சைதாப்பேட்டையில் ஒரு பாட்டரி கடையில் அவரைப் பார்த்தேன். சார்ஜ் போடுகிற வேலை. நான் இருபத்தோரு வயதில் செய்த வேலை. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் ஆசிட் ஓட்டை. வலது உள்ளங்கையில் அந்த அச்சு வெளுத்துப் போய் இருந்தது.

"மேஸ்திரி, நான் முதலாளியாண்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

அவர் புனலை எடுத்து ஓரமாக வைத்தார். "இன்னா, இன்னும் கலரு பாத்துதான் பூட்டறியா?"

"இல்ல மேஸ்திரி. உங்க மாதிரியேதான்."

"யாரு மாதிரின்னு கேட்டா இன்னா சொல்ற?"

நான் ஓரத்திலிருந்த புனலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு ஒரு நிமிஷம் பொறுமை இருந்தது. பிறகு, "சரி, தள்ளி நில்லு, ஆசிட் தெறிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டரியின் மூடியைத் திறந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அசோக் நகர் நண்பருக்கு: நீங்கள் கேட்ட முறை மேலே இருக்கிறது, வரிசைப்படி. காப்பியிங் பென்சில் வேண்டாம், ஆணியால் கீறுங்கள். அட்டையில் எண் மட்டும் போதும். செவுத்தில் ஒட்டுகிற காகிதத்தில் என் பெயரைப் போடாதீர்கள். ஏழுமலை மேஸ்திரி முறை என்று எழுதுங்கள். அவர் யார் என்று உங்கள் ஆட்கள் கேட்டால், சிவப்பும் பச்சையும் தெரியாதவர் என்று சொல்லுங்கள். அவரை அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து அனுப்பியது யார் என்று கேட்டால், அதற்கு என் பெயரைச் சொல்லலாம்.